பரணில் கிடக்கும் தகர ராக்கெட்டுக்கு வயசு என்ன?

கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது, எந்த செட்டிலும் சேராத பொம்மை ஒன்றிரண்டு எல்லா வீட்டிலும் மிஞ்சும். தசாவதாரத்தோடும் போகாது, கல்யாண செட்டோடும் போகாது. பூங்கா போட்டால் அதன் ஓரமாக நிற்கும். சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை, ஒரு சக்கரம் போன ரயில் இன்ஜின்... சில வீடுகளில் ஒரு தகர ராக்கெட்.

அப்படி ஒரு ராக்கெட் உங்கள் வீட்டிலும் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி அதைத் திருப்பிப் பாருங்கள். அது எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது, எங்கே செய்யப்பட்டது, யார் கையில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க முடியும் என்பதில் பாதியை அந்தப் பொம்மையே சொல்லிவிடும். மீதியை உங்கள் வீட்டு ஆல்பம் சொல்லும்.

திருக்கோவிலூரில் ஒரு வீட்டில் அப்படித்தான் சொன்னது.

அக்காவும் தம்பியும்

தென்பெண்ணைக் கரையில், ஒரு காலை வானத்துக்குத் தூக்கி உலகளந்த பெருமாள் நிற்கிற ஊர் அது. கோயிலிலிருந்து சில தெரு தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு. இடித்துக் கட்டப்போகிறார்கள். பரணைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது ராக்கெட். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம். சிவப்பும் மஞ்சளும். பக்கவாட்டில் வட்ட ஜன்னல், ஜன்னலில் ஒரு நாயின் முகம்.

பழைய சாமான் எடுக்க வந்தவர் அண்டா, குண்டான், இரும்புக் கட்டில் எல்லாவற்றுக்கும் கிலோ கணக்கில் விலை பேசினார். ராக்கெட்டை மட்டும் தனியாகக் கையில் எடுத்து, "இதுக்கு 800 ரூபா தரேம்மா" என்றார். அந்த வீட்டு அக்காவுக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். கால் கிலோகூட இல்லாத தகரத்துக்கு யாராவது 800 ரூபாய் தருவார்களா?

பெயர் வேண்டாம் என்றார்கள். அக்கா, தம்பி என்றே வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு வயது 72, தம்பிக்கு 65. அப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவர். 1959-ல் லீவில் வந்தார். அதுதான் கடைசி. 1963-ல் அங்கேயே இறந்துபோனார். 1960-ல் பிறந்த தம்பி அப்பாவைப் பார்த்ததே இல்லை.

"அப்பா கொண்டாந்ததுதான்டா இது. பெட்டியைத் திறந்ததும் முதல்ல இதைத்தான் எடுத்தாரு" என்கிறார் அக்கா.

"உனக்கு அப்போ ஆறு வயசு. ரங்கூன் மாமா கொண்டாந்ததுன்னு ஆயாவே சொல்லியிருக்குக்கா" என்கிறார் தம்பி.

ரங்கூன் மாமா என்பவர் அத்தையின் கணவர். பர்மாவில் கடைகள் அரசுடைமையான பிறகு, 1964-ல் கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவர்.

விலை அந்த வீட்டில் இரண்டாவது கேள்விதான். மாமா கொண்டுவந்தது என்றால் அது ஒரு பழைய பொம்மை. அப்பா கொண்டுவந்தது என்றால், பாஸ்போர்ட்டும் சில கடிதங்களும் தவிர அவருடையது என்று அந்த வீட்டில் இருக்கும் ஒரே பொருள் அதுதான். அதிலும், பிள்ளைக்கென்று கடையில் நின்று பார்த்து வாங்கியது.

முதலில் வயிற்றைப் பாருங்கள்

பொம்மையின் வயசைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்கக் கூடாது, அடி வயிற்றைப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்திலோ, வால் சிறகின் ஓரத்திலோ, சக்கரத்துக்குப் பக்கத்திலோ பொடி எழுத்தில் நாட்டின் பெயர் இருக்கும். அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் அது தயாரான நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று 1891-லிருந்தே அங்கே சட்டம். அந்தச் சந்தையை நம்பித் தொழில் செய்தவர்கள் எல்லாருமே பெயரைப் பொறித்தார்கள். உலகம் முழுக்க ஓடிய பழைய தகர ராக்கெட், ரோபோ பொம்மைகளில் பெரும்பங்கு ஜப்பானில் செய்யப்பட்டவைதான்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், 1952 ஏப்ரல் 28 வரை அமெரிக்கா தலைமையிலான நேசநாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. 1947-லிருந்து அங்கிருந்து ஏற்றுமதியான பொருட்களில் 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று போட்டார்கள். அதாவது, ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது. இந்த வார்த்தை உங்கள் பொம்மையில் இருந்தால், ஐந்தாறு ஆண்டுக் கணக்குக்குள் அதன் வயது அடங்கிவிடும். ஆனால், இந்த வார்த்தை இல்லை என்பதற்காக 1952-க்குப் பிறகுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1949 கடைசியிலிருந்தே வெறும் 'மேட் இன் ஜப்பான்' போடவும் அனுமதி இருந்தது.

ஜெர்மனிக்கும் இதே கதை உண்டு. 'யு.எஸ். ஜோன் ஜெர்மனி' என்றிருந்தால் போர் முடிந்ததற்கு அடுத்த சில ஆண்டுகள். 'வெஸ்டர்ன் ஜெர்மனி', 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் நாடு இரண்டாக இருந்த 1949-க்கும் 1990-க்கும் நடுவில். 'எம்பயர் மேட்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால், பெரும்பாலும் பிரிட்டிஷ் கையில் இருந்த ஹாங்காங்கில் செய்தது.

நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டமோ கட்டமோ இருக்கும், உள்ளே இரண்டு மூன்று எழுத்து. டி.எம். என்றால் மசுதாயா, டி.என். என்றால் நொமுரா, எஸ்.ஹெச். என்றால் ஹோரிகாவா, கே.ஓ. என்றால் யோஷியா. இவை நான்கும் விண்வெளி பொம்மைகளில் பேர் போன ஜப்பான் கம்பெனிகள். 'லைன்மார்' என்றிருந்தால் குழம்ப வேண்டாம். அது மார்க்ஸ் என்ற அமெரிக்க பொம்மை முதலாளி ஜப்பானில் செய்து வாங்கி விற்றதற்கு வைத்த பெயர்.

திருக்கோவிலூர் ராக்கெட்டின் வயிற்றில் தேய்ந்துபோன 'மேட் இன் ஜப்பான்' மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த முத்திரையைத் துரு தின்றுவிட்டது.

படம்தான் காலண்டர்

பொம்மை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேப்பரில் காலையில் வந்த சங்கதி சாயங்காலமே பொம்மையில் வந்துவிடும். விற்பனைக்குச் செய்த இந்தக் காரியம் நமக்குக் காலண்டராகிவிட்டது.

வட்டத் தட்டு மாதிரி பறக்கும் வாகனமா? அமெரிக்க விமானி கென்னத் ஆர்னால்ட் வானத்தில் விசித்திரமாக எதையோ பார்த்ததாகச் சொல்லி, பறக்கும் தட்டு என்ற பேச்சே கிளம்பியது 1947 ஜூனில்தான். எனவே தட்டு பொம்மைகள் அதற்குப் பின்னால் வந்தவை. கூர்மையான மூக்கும், வயிறு பெருத்த உடம்பும், பெரிய வால் சிறகும் கொண்ட ராக்கெட்டா? அது போரில் ஜெர்மனி ஏவிய வி-2 ஏவுகணையின் ஜாடை. 1950களின் கற்பனை ராக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த ஜாடைதான். ரோபோவின் தலை கண்ணாடிக் கூஜா மாதிரி இருந்து, உள்ளே இயந்திரம் சுற்றுவது தெரிகிறதா? 1956-ல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' என்ற ஹாலிவுட் படத்தின் ராபி ரோபோவைப் பார்த்துச் செய்தது.

1957 அக்டோபர் 4-ம் தேதி சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் குறுக்களவு, 83.6 கிலோ எடை, நான்கு நீளமான ஆன்டெனா. அதற்கு முன்பு அந்த உருவத்தை வரைய யாருக்கும் காரணமே கிடையாது. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 3-ம் தேதி, லைக்கா என்ற நாய் போனது. 'நாசா' என்ற எழுத்து இருந்தால் 1958-க்குப் பிறகு. அந்த அமைப்பு பிறந்ததே அப்போதுதான். மனிதன் உட்கார்ந்த கூம்பு வடிவக் கூடு, 1961-ல் ககாரினும் 1962-ல் ஜான் கிளென்னும் போய்வந்த காலத்துக்குப் பிறகு பொம்மைக் கடைக்கு வருகிறது. கயிற்றில் கட்டியபடி மிதக்கும் வீரர் என்றால் லியோனோவ் விண்வெளியில் நடந்த 1965 மார்ச்சுக்குப் பிறகு. நான்கு கால் ஊன்றி நிற்கும் சிலந்தி போன்ற நிலவு வண்டி என்றால் அப்போலோ காலம், 1969-ஐ ஒட்டி.

இந்தக் கணக்கில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஸ்புட்னிக் படம் இருப்பதால் பொம்மை 1957-ல் செய்தது என்று ஆகாது. 1957-க்கு முன்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான். அச்சுக் கட்டை தேயும் வரை பத்து வருஷம்கூட அதே பொம்மையை அடித்து விற்றிருக்கலாம்.

திருக்கோவிலூர்க்காரர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. தென்பெண்ணை மணலில் கிடைத்த மலையமான் காசுகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் பேசுவது இப்படித்தான். பக்கத்து ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழி கல்வெட்டும் அப்படித்தான். 'சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று அந்தப் பாறையில் இருந்த பெயர்தான், அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்று வருஷக்கணக்காக நடந்த வாதத்தை முடித்துவைத்தது. பாறையானாலும் தகரமானாலும், எழுத்தும் உருவமும்தான் சாட்சி.

நம் ராக்கெட்டுக்கு வருவோம். ஜன்னலில் நாய் என்றதும் எல்லாரும் லைக்கா என்பார்கள். நாய் மட்டும் போதாது. டின்டின் காமிக்ஸ் கதையிலேயே 1950களின் தொடக்கத்தில் ஒரு நாய் ராக்கெட்டில் ஏறி நிலவுக்குப் போயிருக்கிறது. ஆனால் இந்த ராக்கெட்டின் வால் பக்கம் நீல வானம், அதில் நான்கு ஆன்டெனா நீட்டிய வெள்ளிப் பந்து. சந்தேகமில்லாமல் ஸ்புட்னிக். ஆக, பொம்மை 1957 அக்டோபருக்குப் பிறகு செய்தது.

அப்பா வந்தது 1959. மாமா வந்தது 1964. இரண்டு பேருமே இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார்கள்.

சாவியா, தேய்ப்பா, செல்லா?

அடுத்து, பொம்மை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். சாவி கொடுத்து ஓடுவது மூத்த தலைமுறை. ரோபோ பொம்மைகளிலேயே மூத்தது என்று பலரும் சொல்கிற 'லில்லிபுட்' ரோபோ, மஞ்சள் டப்பாவுக்குக் கை கால் முளைத்த மாதிரி, ஒரு சாண் உயரத்தில் இருக்கும், சாவி பொம்மைதான். அது போருக்கு முன்னா, பின்னா என்று சேகரிப்பவர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். தரையில் நாலு தடவை தேய்த்து விட்டால் கரகரவென்று சீறி ஓடும் வகை 1950களிலும் 60களிலும் கொட்டிக் கிடந்தது. செல் போட்டு விளக்கெரியும், நடக்கும், நெஞ்சைத் திறந்து சுடும் வகை 1950களின் நடுவில் தொடங்கி 60களில் உச்சிக்குப் போனது. டார்ச் லைட்டில் போடும் பெரிய செல் இரண்டு கேட்கும்.

அப்புறம் பிளாஸ்டிக். முதலில் தலையும் கையும் மட்டும் பிளாஸ்டிக்காக மாறின. 1970களில் உடம்பு முழுக்க மாறியது. ஜப்பானில் கூலி ஏறியதும் தொழில் ஹாங்காங், தைவான் என்று நகர்ந்தது. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபின் பிள்ளைகளுக்கு ராக்கெட்டே பழைய சமாசாரம் ஆகிவிட்டது.

மூட்டுகளையும் கவனியுங்கள். பழைய தகர பொம்மையில் ஒரு தகட்டின் ஓரத்தில் சின்ன நாக்கு நீட்டியிருக்கும். அதை அடுத்த தகட்டின் துளையில் நுழைத்து மடித்திருப்பார்கள். பல பொம்மைகளில் ஸ்க்ரூவே கிடையாது. நாக்கு இரண்டு தடவை மடங்கி விரிசல் விட்டிருந்தால் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறு யார், அந்த வீட்டுப் பையன்தான்!

திருக்கோவிலூர் ராக்கெட் தேய்த்து ஓடும் ரகம். முழுக்கத் தகரம். நாக்குகள் ஒரே மடிப்பில் அப்படியே இருந்தன. இதெல்லாம் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பொருந்துகிறது. ஆனால் தீர்ப்பு சொல்லப் போதாது.

ஆல்பத்தில் கிடைத்த சாட்சி

பொம்மை 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். 'இதற்குப் பின்னால் இல்லை' என்று சொல்ல வேறு சாட்சி வேண்டும். அது பொம்மைக்கு வெளியேதான் கிடைக்கும். பெட்டியில் திணித்த பேப்பர், மளிகைக் கடைச் சீட்டு, வாழ்த்து அட்டை, எல்லாவற்றையும் விட போட்டோ.

அக்காவிடம் "பழைய கொலு போட்டோ ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டோம். கறுப்பு வெள்ளையில் ஒன்று வந்தது. ஐந்து படி கொலு. பக்கத்தில் பாவாடை சட்டையில் அக்கா, இடுப்புக் கயிறோடு தம்பி. கீழ்ப்படியில் மரப்பாச்சிக்கும் செட்டியாருக்கும் நடுவில் அந்த ராக்கெட். நாய் முகம்கூடத் தெரிகிறது. போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோக்காரர் மை முத்திரைக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்த தேதி, 1962 அக்டோபர்.

மாமா கப்பலேறியதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

அடுத்து அப்பாவின் பாஸ்போர்ட். 1959-ல் நாகப்பட்டினத்தில் இறங்கிய முத்திரை இருந்தது. அந்தக் காலத்தில் மலேயா போய்வந்த தமிழர்களின் கப்பல் 'ரஜூலா'. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. தகர டிரங்கில் சீப்புச் சோப்பு, குடை, கைலி, பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை என்று வந்திறங்குவார்கள். இங்கே கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். 1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபின் இந்தியா இறக்குமதியை இறுக்கிவிட்டது. திருக்கோவிலூர் கடைவீதியில் ஜப்பான் ராக்கெட் தொங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஆள் கொண்டுவந்தால்தான் உண்டு.

1957 அக்டோபருக்கும் 1962 அக்டோபருக்கும் நடுவில் அந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்தான் என்கிறார் அக்கா. கோர்ட்டில் எடுபடுமோ என்னவோ, அந்த வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. தம்பி எதுவும் பேசவில்லை. ராக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாய் முகத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். பழைய சாமான்காரருக்கு அன்றைக்கே போன் போட்டு, விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆயா ஏன் மாமா பெயரைச் சொன்னார்? தெரியாது. அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தாலே பேச்சை மாற்றிவிடுவார் என்று மட்டும் அக்கா சொன்னார்.

நம் ஊர் அட்டைப் பெட்டி சொல்லும் தேதி

எல்லா விண்வெளி பொம்மையும் ஜப்பான் இல்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தகர பொம்மை, பிளாஸ்டிக் பொம்மை செய்தார்கள். திருவிழாக் கடைகளில் பழைய எண்ணெய் டின், பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த பொம்மைகளும் வந்தன. அப்படிப்பட்ட பொம்மையின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். டின்னின் பழைய அச்சு, கம்பெனிப் பெயரோடு அப்படியே இருக்கும்.

இந்தியப் பெட்டி என்றால் வேலை இன்னும் சுலபம். விலை அணாவில் இருந்தால், தசமக் காசு வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தைய பழக்கம். 'நயா பைசா' என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 மே மாதத்துக்கும் நடுவில். அதற்கப்புறம் 'நயா' போய்விட்டது. விலாசத்தில் 'பம்பாய்-3', 'மெட்ராஸ்-1' என்று ஊரோடு ஒற்றை எண் இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முன்; அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான் ஆறு இலக்க பின்கோடு வந்தது. ஆங்கிலத்தில் 'மும்பை' என்றால் 1995-க்குப் பிறகு, 'சென்னை' என்றால் 1996-க்குப் பிறகு. தமிழில் சென்னை எப்போதும் சென்னைதான், அதை வைத்துத் தேதி சொல்லக் கூடாது. ஆர்யபட்டா படம் போட்டிருந்தால் 1975 ஏப்ரலுக்குப் பிறகு. ராகேஷ் சர்மா என்றால் 1984.

பார்சலில் வந்த பொம்மை என்றால் மேல் விலாசத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நம் திருக்கோவிலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தென்னாற்காடு ஜில்லா' என்று இருந்தால் 1993-க்கு முன். 'விழுப்புரம் மாவட்டம்' என்றால் 1993-க்கும் 2019-க்கும் நடுவில். 'கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்றால் நேற்று வந்த பொம்மை. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஜில்லாதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

புதுசுக்குப் பழைய வேஷம்

பழைய ரோபோக்களின் நகல்களைச் சில பத்தாண்டுகளாகச் செய்து விற்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்றால் தப்பில்லை. கொலுவுக்கு அழகாகவே இருக்கும். பிரச்னை, அதையே 'தாத்தா காலத்துப் பொம்மை' என்று ஆன்லைனில் ஏற்றுகிறவர்களால்தான்.

பெட்டியில் பார்கோடு இருக்கிறதா? கடையில் முதல் முதலாக பார்கோடு ஸ்கேன் ஆனதே 1974-ல், அமெரிக்காவில். ஐரோப்பாவின் 'சி.ஈ.' முத்திரை இருக்கிறதா? பொம்மைகளில் அது 1990-லிருந்துதான். இணையதள விலாசம் இருந்தால் சொல்லவே வேண்டாம். பெட்டியில் 'ஐ.எஸ்.ஐ.' பார்த்தால், பொம்மைகளுக்கு இங்கே அது கட்டாயமானது 2021 ஜனவரி 1-லிருந்து என்பதை நினைவில் வையுங்கள்.

பெட்டி இல்லாமல் பொம்மை மட்டும் வந்தால், தேய்மானத்தைப் பாருங்கள். பிள்ளை விளையாடிய பொம்மை, கை பிடிக்கும் இடத்திலும் சக்கரத்திலும் மூக்கு நுனியிலும் தேயும். வயிற்றின் நடுவில் மட்டும் சீராகத் துரு, சக்கரம் பளபள என்றிருந்தால் உப்புத் தண்ணீரில் யாரோ ஊறவைத்திருக்கிறார்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

பரணிலிருந்து இறக்கியதும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் செய்வது, கழுவுவது. குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும் நல்லது. தகர பொம்மைக்கு அது எமன். அதன் வண்ணம் தகட்டின் மேல் அச்சடித்த மெல்லிய மைதான். ஒரு தேய்ப்பில் நாய் முகம் போய்விடும். காய்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், மூலைகளுக்குப் பெயின்ட் பிரஷ் போதும். உள்ளே பழைய செல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது கசிந்து தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும். துருப்பிடித்த இடத்தில் புது பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். அடித்த நிமிஷத்தில் அதன் மதிப்பில் பாதி போய்விடும்.

பேரப்பிள்ளை கேட்டாலும் விளையாடக் கொடுக்க வேண்டாம், முக்கியமாக வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகளுக்கு. பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்குக் கறாரான வரம்பு நம் நாட்டில் வந்ததே 2017 நவம்பரில்தான். தகரத்தின் ஓரமும் பிளேடு மாதிரி.

விற்பதாக இருந்தால்? நூறு வயது ஆகாத பொருள் என்பதால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் இவை வராது. தாராளமாக விற்கலாம். வெளிநாட்டு ஏலங்களில் அரிய ஜப்பான் ரோபோக்கள் பல லட்சம் ரூபாய்க்குப் போயிருக்கின்றன என்ற செய்தியைப் படித்துவிட்டு எல்லா ராக்கெட்டுக்கும் அந்த விலையை எதிர்பார்க்கக் கூடாது. ரோபோவுக்கு இருக்கும் கிராக்கி ராக்கெட்டுக்கு இல்லை. லட்சக்கணக்கில் செய்து விற்ற தேய்ப்பு ரக ராக்கெட்டுக்கு இன்னும் குறைவு. அட்டைப் பெட்டியோடு இருந்தால் விலை எங்கேயோ போகும், சில சமயம் பெட்டிக்கே பாதி விலை. ஆன்லைன் ஏலத் தளங்களில் 'இவ்வளவு வேண்டும்' என்று போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவை என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். வீட்டு வாசலில் வந்து விலை சொல்கிறவரிடம் அன்றைக்கே கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வைத்துக்கொள்வதாக இருந்தால், ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் பொம்மையோடு துணியில் சுற்றி வையுங்கள். யார் கொண்டுவந்தது, எங்கிருந்து, எந்த வருஷம், யாருக்கென்று. பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை ஊறிவிடும். பொம்மை மேல் ஸ்டிக்கரும் வேண்டாம், உரிக்கும்போது படமும் சேர்ந்து வந்துவிடும்.